காசநோயாளிகளில் ஆண்களே அதிகம் என்றால், பெண்களைப் பற்றித் தனியாகப் பேசுவது எதற்காக?

கேள்வி: செண்பகம், திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதும் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற மாதம் காசநோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றை எங்கள் சமுதாயக் கூடத்தில் நடத்தினோம். வீட்டில் பெண்களின் நிலை தாழ்ந்திருப்பதால் தொற்றுநோய்கள் அவர்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன என்று பேச வந்தவர்களில் ஒருவர் சொன்னார். உடனே ஓர் இளைஞர் எழுந்து, நாடு முழுவதும் காசநோய் கண்டறியப்படுகிறவர்களில் ஆண்கள்தானே அதிகம், அப்படியிருக்க இந்தப் பேச்சுக்கு என்ன அடிப்படை என்று கேட்டார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வந்தவர்கள் சரியான விடை சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எனக்கும் விடை தெரியவில்லை, ஆனால் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை.

போகாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் நூற்பாலை வேலைக்குப் போய்வந்த ஒரு பெண் இரண்டு மாதங்களுக்கு மேல் இருமிக்கொண்டே இருந்தாள். பஞ்சுத் தூசியால் வரும் இருமல் என்று அவளும் நினைத்தாள், வீட்டாரும் நினைத்தார்கள். மாமியார் கொடுமைக்காரர் அல்லர். ஆடாதோடை இலை பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் அதே வீட்டில் அவளுடைய கணவருக்கு மூன்று நாள் காய்ச்சல் கண்டபோது நான்காம் நாள் ஆட்டோ வைத்து நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். இவளுக்கோ, சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நேரம் வாய்த்தது. நோய் உறுதியானதும், “தாய்வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வயது மகனை மட்டும் இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது.

இதை ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட விஷயமாகப் பார்ப்பதா, அல்லது நோயின் போக்கையே மாற்றும் ஒன்றாகப் பார்ப்பதா? இதைப் பற்றி மருத்துவ உலகம் ஆராய்ந்து அறிந்தது என்ன? அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞருக்கு நான் நேர்மையான விடை சொல்ல விரும்புகிறேன். துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆய்வகர்

சகோதரி செண்பகம் அவர்களுக்கு, இருபத்தெட்டு ஆண்டுகள் அரசு ஆய்வகங்களில் சளிப் பரிசோதனை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த இளைஞர் சொன்னதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். காசநோய் ஆண்களிடம்தான் அதிகம். மருத்துவமனைக்கு வருகிறவர்களை எண்ணியதால் மட்டும் கிடைத்த முடிவு அல்ல இது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஊர் ஊராகச் சென்று நடத்தப்பட்ட காசநோய்க் கணக்கெடுப்பிலும் ஆண்களிடையேதான் நோய் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இதை மறைத்துப் பேசினால் உங்கள் கூட்டத்தில் அடுத்து சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் யாருக்கு நோய் வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்த நோய் எப்போது கண்டறியப்படுகிறது, கண்டறிந்த பின் அந்த உடலுக்கும் வாழ்க்கைக்கும் என்ன நேர்கிறது என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. உங்கள் தெருப் பெண்ணின் கதை முழுவதும் இரண்டாம் கேள்விக்குள் நிற்கிறது.

என் மேசையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கெட்டிச் சளியில்தான் இருக்கும், எச்சிலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்களிடம் டப்பாவைக் கொடுத்தால் வராந்தாவிலேயே நின்று காறித் துப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். பெண்களில் பலர் டப்பாவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய், யாரும் பார்க்காத மூலையில் நின்று, சத்தம் வெளியே கேட்காதபடி மெதுவாக இருமி, நுரைத்த எச்சிலைத்தான் கொண்டுவருவார்கள். உரக்க இருமாதே, பொது இடத்தில் துப்பாதே என்று சிறு வயது முதல் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த மாதிரியை வைத்து நுண்ணோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் “கிருமி இல்லை” என்றுதான் எழுத முடியும். அப்படி நான் எழுதிக் கொடுத்த சீட்டுகளோடு இருமிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் எத்தனை பேர் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் மட்டும் கவனித்த ஒன்றாக இருந்திருந்தால் இங்கே எழுதத் தயங்கியிருப்பேன். பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு காசநோய் மையத்தில் இதை முறையாக ஆராய்ந்து, 2007 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, எப்படி மூச்சை இழுத்து ஆழத்திலிருந்து இருமிச் சளி எடுக்க வேண்டும் என்று சில நிமிடங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கப்படி டப்பாவை மட்டும் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்கப்படாத பெண்களில் நூற்றுக்கு 8 பேருக்குக் கிருமி தெரிந்தது; சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண்களிடையே அது 13 ஆக உயர்ந்தது. ஆண்களிடம் இத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. மருந்தோ புதிய கருவியோ எதுவும் இல்லை. கூச்சம் வேண்டாம் என்று யாரோ ஒருவர் பொறுமையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது மூலக்கூறு முறையில் சோதிக்கும் கருவிகள் மாவட்டந்தோறும் வந்துவிட்டன. அவை மிகக் குறைந்த கிருமியையும் கண்டுபிடிக்கும். இருந்தாலும் அவற்றுக்குள் வைக்கப்படுவது சளியா எச்சிலா என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்கிறாள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுரையீரலுக்கு வெளியே, கருப்பையிலும் கருக்குழாய்களிலும் காசநோய் தங்குவது உண்டு. அதில் இருமல் இருக்காது. மாதவிலக்கு மாறும், அல்லது எந்த அறிகுறியுமே இல்லாமல் கருக்குழாய் அடைபடும். குழந்தை இல்லை என்று பல ஆண்டுகள் ஏச்சு வாங்கி, கோயில் குளமெல்லாம் சுற்றிய பிறகு, கருப்பையின் உட்சவ்வைச் சிறிது எடுத்துச் சோதிக்கும்போதுதான் உண்மை தெரியவரும். சிகிச்சையால் கிருமி அழியும். ஆனால் தழும்பேறி அடைபட்ட குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்தப் பெண்களில் பலர் காசநோய்க் கணக்கில் சேராமல், ‘மலடி’ என்ற வசைச்சொல்லின் கீழேயே வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

மறுமொழி 2: இளங்கோ

ஐயாவின் விளக்கம் எனக்குப் பல புதிய செய்திகளைத் தந்தது. இருந்தாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். யாரையும் எதிர்த்து வாதிடுவது என் நோக்கம் அல்ல.

என் தந்தை கொத்தனார். என் பதினான்காம் வயதில் காசநோயால் இறந்தார். பீடி, சிமென்ட் தூசி, சனிக்கிழமைக் கூலி கையில் வந்ததும் குடி எல்லாம் இருந்தன. இரண்டு முறை மருந்தைத் தொடங்கி இரண்டு முறையும் பாதியில் விட்டார். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பார். இருமலுக்கெல்லாம் படுத்துக்கொண்டால் ஆம்பிளையா என்று கேட்பார். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், கண்டறியப்படாமல் விடுபட்டுப் போகிறவர்களிலும் ஆண்களே அதிகம் என்று சொல்லியிருப்பதைப் படித்திருக்கிறேன். அப்படியானால், ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உயிரை எடுக்கிறது அல்லவா? பெண்களைப் பற்றி மட்டும் பேசினால், என் தந்தையைப் போன்றவர்கள் தாமாகத் தேடிக்கொண்டார்கள் என்று ஒதுக்கப்பட்டுவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

மறுமொழி 3: மல்லிகா, ஆற்றுப்படுத்துநர்

தம்பி இளங்கோ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆண்–பெண் ஏற்றத்தாழ்வு என்பது இரு பக்கமும் வெட்டுகிறது. உங்கள் தந்தையை மருந்தை விடச் செய்தது அதன் ஒரு முனைதான். அது மறுமுனையில் எப்படி வேலை செய்கிறது என்பதை, எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து தாக்கிய பெண்களோடு பதினாறு ஆண்டுகள் பேசிப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி இறுதியில் ஒன்று கேட்பேன், வருத்தம் வேண்டாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அறிவியலுக்கு அது மிகப் பெரிய பணி. அந்த இருவரின் துணிவை நான் என்றும் மதிக்கிறேன். ஆனால் செய்தி வெளியானதும் சமூகம் எடுத்துக்கொண்ட பாடம், இது ‘அந்த மாதிரிப் பெண்களுக்கு’ வரும் நோய் என்பது. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் யார், அவர்கள் திரும்பிப் போன வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க இந்த ஊருக்குப் பல ஆண்டுகள் ஆயின. பின்னர் அதே சென்னையில், சுனிதி சாலமன் நடத்திய சிகிச்சை மையத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத இல்லத்தரசிகள் என்று தெரியவந்தது. மணவாழ்வைத் தவிர வேறு எந்த ‘ஆபத்தான பழக்கமும்’ இல்லாதவர்கள் அவர்கள்.

இதில் உடற்கூறும் ஒரு காரணம். ஒரே உறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்று செல்வது எளிது. ஆனால் உடற்கூறு மட்டும் காரணமாக இருந்தால், தெரிந்தவுடன் தற்காத்துக்கொள்ளலாம். வரனைப் பற்றிக் குலம், கோத்திரம், சம்பளம் எல்லாம் விசாரிக்கும் வீட்டார் உடல்நிலையைக் கேட்பதில்லை. கணவரிடம் ஆணுறையைக் கோரினால், “என்மேல் சந்தேகமா, அல்லது உனக்குத்தான் ஏதாவதா?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அஞ்சி வாய் மூடியவர்களைத்தான் நான் வாரம் தவறாமல் சந்தித்தேன். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, திருமணத்தின் வழியே தமக்கு வந்த தொற்றை ஒளிக்காமல் பொதுவெளியில் சொல்லி, தம்மைப் போன்ற பெண்களோடு 1998 இல் சென்னையில் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார். அந்த மேடையில்தான் நம் ஊர்ப் பெண்கள் பலர் தங்கள் நோயின் பெயரை முதன்முதலில் உரக்கச் சொன்னார்கள்.

காசநோய்க்கு வருகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் முதலிடத்தில் இருப்பது காசநோய்தான். ஆகவே ஒரு வாசல் வழியாக வந்த தொற்று இன்னொரு வாசலையும் திறந்துவிடுகிறது. செண்பகம் அவர்கள் எழுதிய ‘தாய்வீட்டுக்கு அனுப்புதல்’ பற்றிச் சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 1999 இலேயே எழுதியிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் காசநோயின் காரணமாகக் குடும்பத்தால் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி உடன் இருப்பாள்; மனைவிக்கு வந்தால் அவள் பெட்டி கட்டப்படும். நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கான கணவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் மறக்கவில்லை. ஆயினும் விதி எது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இதனால்தான் பெண்கள் நோயை மறைக்கிறார்கள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாக மாறும் என்பதால், மாமியார் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி இரண்டாம் மாதமே நிறுத்தியவர்களும் உண்டு. இன்னொரு முக்கியமான செய்தி: இந்த ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும். சிகிச்சைக் காலத்தில் வேறு கருத்தடை முறை வேண்டும் என்று மருந்து கொடுக்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஆண்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு பெண்ணால் இதைக் கேட்கவும் முடிவதில்லை, சொல்ல வேண்டியவர்கள் பல இடங்களில் சொல்வதும் இல்லை. நோயோடு போராடும் உடம்பில் எதிர்பாராத கர்ப்பமும் சேர்ந்துகொள்கிறது. பேறுகாலத்தை அடுத்த மாதங்களில் காசநோய் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும், பிரசவித்த பெண்ணின் சோர்வையும் இளைப்பையும் ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று எல்லாரும் எளிதாக எடுத்துக்கொள்வதையும் சேர்த்துப் பாருங்கள்.

செண்பகம் அவர்களே, அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பியது குடும்பத்தின் தனிப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவரோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை, அந்த வீட்டில் அவளுக்குப் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவளுக்குத் தருகிறது. வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வீட்டாரிடம் பேசினாலே பல இடங்களில் நிலைமை மாறியிருக்கிறது.

தம்பி இளங்கோவிடம் நான் கேட்க நினைத்தது இது. உங்கள் தந்தை இரண்டு முறை நோயுற்றிருந்த காலத்தில் அவருக்கு அருகில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டி, சளிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தவர் உங்கள் அம்மாவாகத்தான் இருப்பார். அவருக்கு அப்போது சளி எடுத்துப் பார்த்தார்களா?

மறுமொழி 4: இளங்கோ

அம்மா, இல்லை. யாரும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த என்னையும் தம்பியையும் ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும், எங்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததும் நினைவிருக்கிறது. அழைத்துப் போனவர் அம்மாதான். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு முறையும் கேட்டுக்கொண்டதில்லை. நேற்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருந்தேன்” என்றார். அந்த ஆண்டு முழுவதும் மாலையில் காய்ச்சல் வந்து போனதாகவும், அலைச்சலால் வந்தது என்று நினைத்ததாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவருக்கு இப்போது வயது அறுபத்தொன்று, நலமாக இருக்கிறார். என் முந்தைய பதிவில் எழுதிய கவலை எனக்கு இன்னமும் இருக்கிறது; ஆனால் அதே வீட்டில் நடந்த இதையும் நான் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

மறுமொழி 5: வைகைக்கரை

பொதுச் சுகாதாரத் துறையில் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மல்லிகா அம்மா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊர் சென்னை. அதற்கு முன்பு ஆரோக்கிய நிலையங்களில் (சானடோரியம்) மாதக்கணக்கில் படுக்க வைத்துத்தான் சிகிச்சை அளித்தார்கள். ஏழைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. 1956 இல் தொடங்கிய சென்னை ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றவர்களை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்தான உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959 இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதோடு ஒன்று உறுத்தவும் செய்யும். வீட்டுச் சிகிச்சை என்பது, வீட்டில் ஒருவர் இருந்து நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, உணவு சமைத்துப் போட்டு, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று நினைவு வைத்திருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நோயாளி ஆணாக இருந்தால் அந்த ஒருவர் மனைவி அல்லது தாய். நோயாளி அந்த மனைவியாகவே இருந்தால்? அவளுடைய நோயையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவள் கையிலேயே விடப்படுகிறது. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவளை, ‘வீட்டில் சிகிச்சை பெறுகிறார்’ என்றுதான் நாங்கள் பதிவு செய்கிறோம்.

உணவு இதில் மிக முக்கியமானது. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தவர்களில் பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களில் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த ஆற்றலைக் குலைக்கும் காரணங்களில் நம் நாட்டில் முதன்மையானது ஊட்டச்சத்துக் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆண்களில் 25 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்துச் சாப்பிடுவது குடும்பப் பெண்ணுக்கு அழகு என்று நாம் பாராட்டி வந்திருக்கிறோம். மீனும் முட்டையும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடுகின்றன.

சத்துணவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு சான்று. நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளில், நோயாளியோடு வசித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பிரிவு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மறுபிரிவில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். 2023 இல் வெளியான முடிவின்படி, எல்லாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரலைத் தாக்கித் தொற்றும் வகை 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும்தான் இதைச் செய்தன. ஆளுக்கு இவ்வளவு என்று எடை போட்டுக் கொடுத்தது இதில் எனக்குப் பிடித்த செய்தி. குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் கடைசியில் உண்பவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காக 2018 முதல் அரசு வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பெண் நோயாளிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கணக்கின் அட்டை யாரிடம் இருக்கிறது என்பதுதான். குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்பது இரண்டாவது கேள்வி.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான உடனேயே உடல் எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளி (ஆக்சிஜன்) அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிகவும் நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் படுக்கையில் சேரச் சொன்னால், “பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெண்கள். அதற்கு எங்கள் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் இல்லை.

செண்பகம் அவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. அந்தப் பெண்ணுக்கு ‘நிக்ஷய்’ என்ற பதிவு எண் இருக்கும். அதைக் காட்டினால் தாய்வீடு இருக்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தைத் தொடரலாம். மருந்து விட்டுப்போயிருந்தால் தயங்காமல் உடனே போய்ச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே அவளோடு வசித்த கணவர், மாமியார், அந்தச் சிறுவன் மூவருக்கும் பரிசோதனை நடந்ததா என்பதையும் விசாரியுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் அவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு.

செண்பகம், திண்டுக்கல் மாவட்டம்

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் எழுதியதைப் படித்த அன்றே அந்தப் பெண்ணின் தாய்வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பதிவு எண் எழுதிய அட்டை இங்கே, மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கப் போனால் சண்டை வரும் என்று, கையிலிருந்த மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியும் அவள் சும்மா இருந்திருக்கிறாள். நான் போய் வாங்கி வந்தேன். மாமியார் சண்டை எதுவும் போடவில்லை. அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். அவருக்கும் இருமல் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அவரையும் பேரனையும் அழைத்துக்கொண்டு நானே சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று முதலில் சொன்னார், பிறகு சம்மதித்தார்.

கூட்டத்தில் பேசுவதற்கு முன் ஆய்வகர் ஐயாவிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஆழத்திலிருந்து சளி எடுப்பது எப்படி என்று நீங்கள் உங்கள் மேசைக்கு வந்த பெண்களிடம் சொல்லும் அதே சொற்களில் இங்கே எழுதித் தர முடியுமா? எங்கள் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள்; அந்த இளைஞரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வகர்

எழுதுகிறேன், அம்மா. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். திறந்த வெளியில், காற்று வரும் இடத்தில் நில்லுங்கள். இரண்டு முறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்துச் சற்று அடக்கி மெதுவாக விடுங்கள். மூன்றாவது முறை இழுத்ததும், வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, அடிநெஞ்சிலிருந்து வரும்படி உரக்க இருமுங்கள். சத்தம் கேட்கட்டும், யார் பார்த்தாலும் பரவாயில்லை. வருவது தண்ணீர்போல் நுரைத்திருந்தால் அது எச்சில். கெட்டியாக வரும்வரை பொறுத்து மறுபடி முயலுங்கள். டப்பாவின் மூடியை இறுக்கி, அன்றே கொண்டுவாருங்கள்.